கதிரவன் மறையுமுன் கூலி

கல்முனையிலிருந்து சம்மாந்துறை நோக்கிச் செல்வோருக்குப் பெரும்போக வயல்கள் கண்ணுக்கு விருந்தாகும். கல்லோயா நீர் பாயும் அவ்வட்டைகளில் முன்னர் பலர் அரிவாளுடன் இறங்கி, நாட்கணக்கில் வேளாண்மை வெட்டினர். இன்று இயந்திரம் ஒரே ஓட்டத்தில் வெட்டி, சூடடித்து, நெல்லைத் தந்துவிடுகிறது. அதனைப் பழிக்க வேண்டியதில்லை. ஆயினும், கூலித் தொழிலாளியின் வேலைநாட்கள் குறைந்துவிட்டன.

எஞ்சிய சில நாட்களின் கூலியையேனும் உரிய வேளையில் கொடுக்கிறோமா? இயந்திரக்காரருக்கு வயலிலேயே பணம் எண்ணுகிறோம். வரம்பு கட்டியவரிடமும் களை பிடுங்கிய பெண்ணிடமும் மட்டும், "நெல் விற்றதும் பார்ப்போம்" என்கிறோம்.

கூலியைக் கதிரவன் மறையுமுன் கொடுக்குமாறு இணைச்சட்ட நூல் (24:15) பணிக்கிறது. பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடும் என எச்சரிக்கிறார் புனித யாக்கோபு (5:4). 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் பற்றிய தம் சுற்றுமடலில் இதனையே நினைவூட்டினார். வியர்வை உலருமுன் கூலி கொடுக்க வேண்டும் என்னும் நபிமொழியை நம் முஸ்லிம் அயலவரும் போற்றுகின்றனர்.

இன்றிரவு உங்கள் கணக்குக் கொப்பியைத் திறந்து பாருங்கள். கூலி பெறாத ஒருவரின் பெயர் அங்கே காத்திருக்கிறதா? அடுத்த திருப்பலிக்கு வருமுன் அவர் வீட்டுக்குச் செல்லுங்கள். அதன்பின் உங்கள் காணிக்கையைச் செலுத்துங்கள்.