பச்சை விரிப்பும் பழக்கமும்

ஸ்நூக்கர் என்னும் மேசைப் பந்தாட்டம் நம் நாட்டிற் பிறந்தது என்பதை மாணவருள் பலர் அறியார். 1875-ஆம் ஆண்டில் ஜபல்பூரில் தங்கியிருந்த நெவில் சேம்பர்லேன் என்னும் இளம் ஆங்கிலப் படை அதிகாரி அதனை வகுத்தார். 1882-ஆம் ஆண்டில் உதகமண்டலத்துக் கிளப்பில் அதன் விதிகள் எழுதி வைக்கப்பெற்றன. ஆயினும் மேசைமேல் விரிக்கும் கம்பளித் துணியின் பச்சை நிறம் ஈண்டுப் பிறந்ததன்று. 15-ஆம் நூற்றாண்டளவில் மேனாட்டார் புல்தரையிற் பந்துருட்டி ஆடிய ஆட்டம் வீட்டினுள் மேசைமேல் ஏறியபொழுது, புல்லின் நினைவாகப் பச்சையும் உடன் ஏறிற்று. அவ்வாட்டம் நம் மதுரைச் சமவெளியில், சித்திரை வெயிலில் தோன்றியிருக்குமாயின், அத்துணி காய்ந்த புல்லின் நிறமாகவோ கரிசல் நிறமாகவோ அன்றோ இருந்திருக்கும்!

நிற்க. பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி, ஆதலின் அதனை மாற்றலாகாது என்பார் உளர். பகலொளியில் மனிதக் கண் மிகுதியாக உணர்வது ஏறத்தாழ 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள பசுமஞ்சள் ஒளியையே என்பது உண்மை. அஃது அவ்வொளி நமக்குப் பிரகாசமாகத் தோன்றுவதற்குக் காரணமாகுமேயன்றி, பந்தாட்ட மேசைக்குப் பச்சையே தக்கது என்பதற்குச் சான்றாகாது. ஒரு வழக்கம் தோன்றிய காரணம் வேறு. அதனைக் காப்பதற்கு நாம் பின்னர்க் கற்பிக்கும் காரணம் வேறு. இவ்விரண்டையும் பகுத்தறிதலே கல்வியின் பயனாம்.

விரிப்பின் நிறத்தை எதனைக் கொண்டு மதிப்பிடுதல் வேண்டும்? நம் நகரத்துச் சுங்குடிச் சேலையே இதற்கு விடை பகரும். 2005-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற அச்சேலையில், முடிச்சிட்ட இடங்கள் சாயம் பற்றாது புள்ளிகளாய் நிற்கின்றன. சாயத்தின் சிறப்பை அப்புள்ளிகள் எத்துணைத் தெளிவாய்த் தோன்றுகின்றன என்பதே காட்டும். அதுபோல, விரிப்பின் தகுதியை அதன்மேல் உருளும் 22 பந்துகளே கூறுதல் வேண்டும். அவற்றுள் 15 சிவப்பு; ஒன்று வெள்ளை; எஞ்சியவை மஞ்சள், பச்சை, பழுப்பு, நீலம், இளஞ்சிவப்பு, கறுப்பு என்பன.

இப்பந்துகள் எல்லார் கண்ணுக்கும் ஒரே வகையாய்த் தோன்றுவதில்லை. ஜான் டால்டன் என்னும் விஞ்ஞானி தமக்கிருந்த நிறமயக்கத்தைக் குறித்து 1794-ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரத்துக் கழகமொன்றிற் கட்டுரை படித்தார். ஐரோப்பிய மரபினரான ஆடவருள் நூற்றுக்கு ஏறத்தாழ எண்மர் இத்தகையோர். நம்மவருள்ளும் இத்தகையோர் உளர். அவருட் பலர்க்குச் சிவப்பும் பழுப்பும் பச்சையும் ஒன்றோடொன்று மயங்கும். இதனால் அவர்க்கு ஆட்டத்திறன் இல்லையென்பது பொருந்தாது. 2002-ஆம் ஆண்டில் உலக வெற்றி பெற்ற பீட்டர் எப்டன் நிறமயக்கமுடையவரே. அத்தகையோர் கேட்பின் பந்தின் நிறத்தை நடுவர் கூறுதல் வேண்டுமென்று ஆட்ட விதியே கூறுகின்றது. ஆனால் மாணவர் பொழுதுபோக்கு அறையில் நடுவர் ஏது? ஒவ்வொரு முறையும் தோழரைக் கேட்க நாணி, கோலைச் சுவரிற் சார்த்திவிட்டு அகலும் இளைஞனை யார் கணக்கிடுகின்றார்?

விரிப்பை மாற்றிய அளவில் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நாம் கூறவில்லை. நீலத்தை விரிப்பின் நீலப்பந்து அதனோடு ஒன்றக்கூடும். எதனை விரிப்பினும் சிவப்புப் பந்தும் பழுப்புப் பந்தும் தாமே வேறுபட்டுத் தோன்றிவிடா. ஆயினும் ஒன்பது பந்தாட்டத்திற்கு நீல விரிப்பு வழங்குகின்றமையால், பச்சை மாறாத கட்டளையன்று என்பது தெளிவாம். பெரும் போட்டிகளில் மரபு நிலைபெறுக. கல்லூரிகளிலும் மன்றங்களிலும் பழைய துணி தேய்ந்து புதுத்துணி வாங்குங்காலத்து, நிறமயக்கமுடைய மாணவரையும் அழைத்து, இரண்டு மூன்று நிறத் துண்டுகளின்மேற் பந்துகளை வைத்துக் காட்டி, அவர் சொல்லையும் கேட்டுத் தேர்க. பயிற்சிக்குரிய பழுப்புப் பந்தில் சிறு குறியொன்று இடுக. இவற்றிற்காகும் செலவு சிறிது.

பொதுவில் வைக்கும் பொருள் எதுவாயினும், பெரும்பாலோர் கண்ணுக்கு இனிதாயிருத்தல் மட்டும் போதாது. சிலர் கண்ணுக்கு அது மறைகின்றதா என்றும் வினவுதல் வேண்டும். அவ்வினா எழாத இடத்தில் பச்சை விரிப்பு வெறும் பழக்கமே. எழுந்து, ஆராய்ந்து, மீண்டும் பச்சையையே கொள்வோமாயின், அப்பொழுதே அது நாம் தெரிந்துகொண்ட நிறமாகும்.