மேலே இருந்து பார்த்தால் எல்லாம் பச்சை

ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து கேம்பல் பே செல்லும் ஹெலிகாப்டரில் இடம் கிடைப்பது லேசுப்பட்ட காரியமல்ல. (2024 செப்டம்பர்வரை போர்ட் பிளேர் என்று அழைக்கப்பட்ட அதே ஊர்தான்.) நோயாளிகளுக்கும் தீவுவாசிகளுக்கும்தான் முன்னுரிமை. கப்பல் என்றால் வழியில் தீவு தீவாக நின்று போய்ச் சேர இரண்டு மூன்று நாள் ஆகிவிடும். எனவே ஹெலிகாப்டரில் ஜன்னலோரம் வாய்த்த அதிர்ஷ்டசாலிப் பயணி, கேமராவை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். கிரேட் நிக்கோபார் கண்ணில் பட்டதும் மளமளவென்று படங்களாக எடுத்துத் தள்ளுவார். ஊர் திரும்பிப் பார்க்கும்போதுதான் விஷயம் உறைக்கும். ஐம்பது படம் எடுத்திருந்தாலும் எல்லாம் ஒரே படம். கீழே பச்சை, ஓரத்தில் வெள்ளை நுரை, மேலே மேகம். அருவி ஒன்றுகூட இல்லை.

மழைக்காடு என்றால் அருவி இருக்க வேண்டும், அதை வானத்திலிருந்து படம்பிடிக்க வேண்டும் என்ற ஆசை எங்கிருந்து வந்தது என்று ஊகிப்பது கடினமல்ல. தென்னமெரிக்காவின் கயானா நாட்டில் கையேட்டூர் தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கே போட்டாரோ ஆறு பீடபூமியின் விளிம்பிலிருந்து 226 மீட்டர் ஒரே பாய்ச்சலாகக் கீழே விழுகிறது. சிறிய விமானம் ஒரு வட்டமடித்தால் போதும், காலண்டருக்குப் படம் தயார். பெரிய ஆறு, அகலமான விளிம்பு, காட்டைப் பிளந்துகொண்டு விழும் தண்ணீர் எல்லாம் அங்கே சேர்ந்து அமைந்திருக்கின்றன.

அந்தமான் நிக்கோபாரில் ஆறுகள் குட்டையானவை, மலைகளும் அப்படியே. தீவுக்கூட்டத்தின் மிக உயர்ந்த சிகரமான வடக்கு அந்தமானின் சாடில் பீக் 732 மீட்டர்தான். நம் கொடைக்கானல் இதைப் போல மூன்று மடங்கு உயரம். கிரேட் நிக்கோபாரின் மவுண்ட் துல்லியர் 642 மீட்டர். இந்தக் குன்றுகளில் ஓடும் நீர், மரங்களின் குடைக்கு அடியிலேயே பிறந்து, அடியிலேயே பாறை விட்டுப் பாறை குதித்து, அடியிலேயே கடலுக்குப் போய்விடுகிறது. மேலே பறப்பவருக்கு ஓசைகூடக் கேட்காது.

சாடில் பீக் தேசியப் பூங்காவில் லாமியா விரிகுடாவிலிருந்து ஏறத்தாழ 8 கி.மீ. நடந்து உச்சியை அடையலாம். அங்கே போனாலும் பல நாட்களில் கிடைப்பது மேகத்தின் உள்பக்கம்தான். அந்த மலையில் பிறக்கும் கல்பொங் ஆற்றின் பாய்ச்சல் படத்தில் சிக்காவிட்டாலும் மின்சார வாரியத்திடம் சிக்கியது. 2001-ல் அங்கே 5.25 மெகாவாட் நீர்மின் நிலையம் வந்தது. தீவுகளில் அதுவே முதலாவது.

அருவி பார்த்தே தீருவேன் என்பவர் போகவேண்டிய இடம் லிட்டில் அந்தமான். ஹட் பே துறைமுகத்திலிருந்து ஆறேழு கி.மீ. போனால் 'ஒயிட் சர்ஃப்' அருவி. பெயரைக் கேட்டு நயாகராவை எதிர்பார்க்கக் கூடாது. காட்டுக்குள் நனைந்துகொண்டே நடந்து, கீழே நின்று, தலை நிமிர்ந்து பார்க்கவேண்டிய அருவி அது. படமும் கீழிருந்துதான் நன்றாக வரும்.

ஆனால் அதே தீவில் வானத்திலிருந்து அற்புதமாகப் படத்தில் விழும் ஒரு காட்சி உண்டு. பச்சை நட்சத்திரங்களை நூல் பிடித்து வரிசையாக ஒட்டிவைத்தாற்போன்ற ஒரு நிலப்பரப்பு. காட்டை வெட்டிவிட்டு 1970-களில் நடத் தொடங்கிய எண்ணெய்ப் பனைத் தோட்டம் அது. சுமார் 1,600 ஹெக்டேர். பயணிகள் விரும்பி எடுக்கும் படங்களில் இதுவும் ஒன்றாகிவிடுவதில் ஆச்சரியமில்லை. வானத்திலிருந்து பார்க்கும்போது ஒழுங்குதான் அழகாகத் தெரிகிறது. மழைக்காட்டில் ஒழுங்கு கிடையாது.

இது புகைப்படக்காரரின் பிரச்சினை மட்டுமாக இருந்தால் இத்தோடு விட்டுவிடலாம். நாட்டின் காட்டைக் கணக்கெடுப்பவர்களும் மேலே இருந்துதான் பார்க்கிறார்கள். இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் படங்களைக்கொண்டு அறிக்கை தயாரிக்கிறது. அதன் இலக்கணப்படி, ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரக் கிளைகளின் கவிப்பு 10 சதவீதத்தைத் தாண்டினால் அது வனப் பரப்பு. என்ன மரம், யாருடைய நிலம், இயற்கையாக வளர்ந்ததா, நட்டதா என்ற கேள்வி இல்லை. பழத் தோட்டமும் மூங்கிலும் பனையும் அதில் அடக்கம். கோடிக்கணக்கான ஹெக்டேரை ஆட்களை அனுப்பி அளக்க முடியாது, வேறு வழியில்லை என்பதும் உண்மைதான். ஆனால் அந்தக் கண்ணுக்கு எண்ணெய்ப் பனையும் ஒயிட் சர்ஃப் அருவிக் காடும் ஒரே பச்சை.

இதன் விளைவு இப்போது கிரேட் நிக்கோபாரில் தெரிகிறது. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என்று பெயர் பெற்ற தீவுக்கூட்டம் இது. தரங்கம்பாடியிலிருந்த டேனிஷ்காரர்கள் 1756-ல் இங்கே குடியேறப் பார்த்து, காய்ச்சலில் மடிந்து, கடைசியில் 1868-ல் உரிமையை ஆங்கிலேயரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். 1846-ல் வந்த டேனிஷ் ஆய்வுக் கப்பலான 'கலத்தியா'வின் பெயர் மட்டும் தீவின் முக்கிய ஆற்றுக்கும் அது கடலில் கலக்கும் விரிகுடாவுக்கும் நிலைத்துவிட்டது. 1969 முதல் முன்னாள் ராணுவத்தினரின் குடும்பங்கள் இங்கே குடியமர்த்தப்பட்டன. தமிழ்க் குடும்பங்களும் அவற்றில் உண்டு. 2011 கணக்கெடுப்பில் தீவின் மக்கள்தொகை சுமார் 8,000. உட்காட்டில் வாழும் ஷொம்பென் மக்கள் சில நூறு பேர்தான்.

தீவின் வடக்கே கேம்பல் பே தேசியப் பூங்கா 426 சதுர கி.மீ.; தெற்கே கலத்தியா தேசியப் பூங்கா 110 சதுர கி.மீ. இரண்டும் 1992-ல் அறிவிக்கப்பட்டவை. ஹெலிகாப்டர் ஜன்னலில் இவற்றுக்கு எல்லைக்கோடு தெரியாது. பூங்கா எது, பூங்கா அல்லாத காடு எது என்று எந்த விமானியாலும் சொல்ல முடியாது. வரைபடத்தில்தான் அந்தக் கோடு இருக்கிறது.

2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற பெருந்திட்டம் அந்தக் கோட்டை நம்பியே எழுந்தது. கலத்தியா விரிகுடாவில் சரக்குக் கப்பல்களுக்கான பெரிய துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், புதிய நகரம். இதற்கு 130.75 சதுர கி.மீ. வனநிலம் தேவை. திட்டம் தேசியப் பூங்காக்களுக்கு வெளியே அமைகிறது என்பது அரசின் வாதம். சர்வதேசக் கப்பல் பாதை 40 கடல் மைல் தூரத்தில்தான் இருக்கிறது, இந்தியச் சரக்கு ஏன் கொழும்பிலும் சிங்கப்பூரிலும் கப்பல் மாற வேண்டும் என்ற கேள்வியும் நியாயமானதே. வெட்ட நேரும் மரங்கள் 9.64 லட்சம் என்று 2023-ல் நாடாளுமன்றத்தில் மதிப்பீடு சொல்லப்பட்டது. எடுக்கும் வனநிலத்தில் ஏறக்குறைய பாதி மரம் வெட்டாத பசுமைப் பகுதியாக இருக்கும் என்ற உறுதியும் உண்டு.

வெட்டும் மரங்களுக்கு ஈடாக மரம் நட முதலில் தேர்ந்தெடுத்த இடம் ஹரியானா! 2,000 கி.மீ.க்கு அப்பால், மழை குறைந்த மண். சட்டப்படி இதில் தவறில்லை. தீவில் ஈடு கொடுக்க வேறு நிலம் இல்லை, எனவே நிலம் இருக்கும் மாநிலத்தில் நடுகிறார்கள். செயற்கைக்கோளின் கணக்கில் இங்கே குறைந்த பச்சை அங்கே கூடிவிடும். பேரேடு சமனாகிவிடும்.

பேரேட்டில் ஏறாதவை எவை என்று பார்க்க, ஹெலிகாப்டரை விட்டு இறங்கி நடந்தாக வேண்டும். கடலோரக் காட்டில் குப்பைமேடு போலத் தெரிகிறதே, அது ஒரு பறவையின் கூடு. கோழியளவே உள்ள நிக்கோபார் மெகபோட் மண்ணையும் இலைச்சருகையும் கால்களால் வாரிக் குவித்து மேடு கட்டுகிறது. அதற்குள் முட்டையிட்டுவிட்டுப் போய்விடுகிறது. அடைகாப்பதில்லை. மட்கும் இலையின் சூடே முட்டையைப் பொரிக்கிறது. குஞ்சு தானே மண்ணைத் தோண்டிக்கொண்டு வெளியே வந்து, தாயின் துணையில்லாமல் வாழத் தொடங்குகிறது. இந்த மேட்டுக்குக் கடலோரத்து இளகிய மண், மேலே காட்டின் நிழல், ஓயாத சருகு எல்லாம் வேண்டும். நிக்கோபார் தீவுகளைத் தவிர இந்தப் பறவை உலகில் வேறெங்கும் இல்லை. ஹரியானாவில் எத்தனை லட்சம் கன்று நட்டாலும் ஒரு மேடு எழாது.

இந்தப் பறவையைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி கோவையிலுள்ள சலீம் அலி பறவையியல் மையத்தின் மூலம் கிடைத்தது. அங்கிருந்த ரவி சங்கரன் 1990-களில் தீவு தீவாகக் கரையோரம் நடந்து இந்த மேடுகளை எண்ணினார். அவர் வழியில் கே. சிவகுமார் இதையே முனைவர் பட்ட ஆய்வாகச் செய்தார். 2009 ஜனவரியில் ரவி சங்கரன் காலமானார்.

வானத்துப் பார்வை பொய்யே சொல்லும் என்றும் அர்த்தமில்லை. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நிக்கோபாரில் நடந்ததை முதலில் காட்டியவை ஹெலிகாப்டர்களும் செயற்கைக்கோள்களும்தான். ட்ரிங்கெட் தீவு துண்டு துண்டானது. இந்திரா முனை 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்து, 1972-ல் நிறுவிய கலங்கரை விளக்கம் தண்ணீருக்குள் நின்றது. கடலோரக் காடு பச்சை இழந்து பழுப்பானது. சென்டினல் தீவில் ஒருவர் கடலோரக் காவல்படை ஹெலிகாப்டரை நோக்கி வில்லை வளைத்து நின்ற படம் உலகத்தையே சுற்றியது. மக்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்பதற்கு அதுவே அத்தாட்சி. ஆனால் மெகபோட் பறவைக்கு நேர்ந்த கதியை எந்தப் படமும் காட்டவில்லை. மறுபடி கரையில் நடந்து எண்ணியபோதுதான், இனப்பெருக்கம் செய்யும் இணைகளில் 70 சதவீதம்போல மறைந்துவிட்டது தெரிந்தது.

படம் எடுப்பவருக்கு இத்தனைக்கும் பிறகு சில நடைமுறைத் தகவல்கள். தேசியப் பூங்காவுக்குள் போகவும் படமெடுக்கவும் வனத்துறையின் அனுமதி வேண்டும். பழங்குடிக் காப்பகப் பகுதிக்குள் அனுமதியின்றி நுழைவது 1956-ம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி குற்றம். பழங்குடி மக்களைப் படமெடுக்க நினைக்கவே வேண்டாம். கேம்பல் பே-யில் ஹெலிகாப்டர் இறங்கும்போது கேமராவை உறைக்குள் வைப்பது நல்லது. அங்கே 2012 முதல் கடற்படையின் 'பாஸ்' விமானத்தளம் இயங்குகிறது. பறக்கும்போது லென்ஸை ஜன்னலில் அழுத்தினால் அதிர்வில் படம் கலங்கும். விரல் இடைவெளி விட்டு, ஒரு கறுப்புத் துணியால் சுற்றி மறைத்தால் போதும். போலரைஸர் கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் பிளாஸ்டிக் ஜன்னல் வானவில் காட்டும்.

தெற்கு நோக்கிப் பறக்க நேர்ந்தால் கலத்தியா ஆறு கடலில் கலக்கும் இடத்தைத் தவறவிடக் கூடாது. சுனாமி அரித்துக்கொண்டு போன மணல் மெல்லத் திரும்பி வந்த கரை அது. ஆமைகளுக்காக 1997-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2021 ஜனவரியில் துறைமுகத்துக்காக அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. மாற்றாக லிட்டில் நிக்கோபாரில் ஆமைகளுக்கும் மெஞ்சல் தீவில் மெகபோட் பறவைக்கும் 2022-ல் சரணாலயங்கள் அறிவிக்கப்பட்டன. படத்தில் தேதி பதிவாகிறதா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது உத்தமம்.

டிசம்பர், ஜனவரி மாதங்களில் அதிகாலையில் அந்த மணலில் அகலமான தடங்கள் தெரியக்கூடும், டிராக்டர் ஏறி இறங்கியது போல. 300 கிலோவுக்கு மேல் எடையுள்ள தோல்முதுகு ஆமை இரவில் கரையேறி, குழி தோண்டி, நூறு முட்டை போல இட்டு மூடிவிட்டுத் திரும்பிய தடம் அது. மேலே இருந்து பார்த்தாலே எண்ணிவிடலாம். அடுத்த அலை ஏறி வருவதற்குள் எண்ண வேண்டும்.