தாமதமே தீர்ப்பாகும் வழக்குகள்

பெற்றவரும் வளர்ப்பவரும் ஒரே குழந்தைக்காக எதிரெதிரே நிற்கும் வழக்குகளில் பல நேரங்களில் இரு தரப்பிலும் குற்றம் சொல்ல இடமிருப்பதில்லை. குழந்தையைப் பறிகொடுத்தவர் தமக்குரியதைக் கேட்கிறார்; சட்டம் காட்டிய வழியில் நடந்து குழந்தையைப் பெற்றவர் தம் மடியில் வளர்ந்த உறவைக் காக்க முயல்கிறார். தவறு நடந்த இடம் மூன்றாவதாக ஒன்று: குழந்தையைக் கையேற்ற நிறுவனம், விசாரித்ததாகக் கோப்பில் எழுதிய குழு, புகாரை வாங்கி வைத்துக்கொண்ட காவல் நிலையம். அந்த மூன்றாவது இடத்தில் கட்சி அரசியல் புகும்போது, அது நேராகத் தீர்ப்பை மாற்றுவது அரிது. தீர்ப்புக்கு முன் கழியும் நாட்களையே அது நீட்டுகிறது. குழந்தை வழக்குகளிலோ, கழிந்த நாட்களே பாதித் தீர்ப்பாகிவிடுகின்றன. குழந்தைகள் நலக் குழு உறுப்பினர்களும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் அலுவலர்களும், குடும்ப நல வழக்கறிஞர்களும் தங்கள் கோப்புகளை இந்தக் கோணத்தில் திரும்பிப் பார்க்க வேண்டிய தேவை இன்று கூடியிருக்கிறது.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், பெற்றோரைப் பிரிந்த குழந்தை தத்துக்குச் செல்லும் வழிகளைத் தனித்தனியே வகுத்திருக்கிறது. விட்டுச் செல்லப்பட்டு, உரிய விசாரணைக்குப் பின் குழந்தைகள் நலக் குழுவால் அவ்வாறு அறிவிக்கப்பட்டது 'கைவிடப்பட்ட குழந்தை'. தம்மால் மீற முடியாத உடல், மன, சமூகக் காரணங்களால் பெற்றோரோ பாதுகாவலரோ குழுவின் முன் பத்திரம் எழுதித் துறந்தது 'ஒப்படைக்கப்பட்ட குழந்தை'. ஒப்படைத்தவர் மறுபடி யோசித்துப் பார்க்க இரண்டு மாத அவகாசம் உண்டு. கைவிடப்பட்ட குழந்தைக்கு இரண்டு வயது ஆகவில்லையெனில் இரண்டு மாதங்களுக்குள்ளும், அதற்கு மேற்பட்ட வயதெனில் நான்கு மாதங்களுக்குள்ளும் விசாரணையை முடித்து, அக்குழந்தையைத் தத்து கொடுக்கச் சட்டப்படி தடையில்லை என்று குழு அறிவிக்க வேண்டும். அந்த முடிவில் குறைந்தது மூன்று உறுப்பினர்கள் பங்கேற்க வேண்டும். இதன்பின், காரா என்று சுருக்கமாக அழைக்கப்படும் மத்திய தத்துவள ஆணையத்தின் வரிசைப்படி ஒரு தம்பதி தேர்வாகி, தத்து ஆணை பிறக்கும்வரை குழந்தை அவர்களிடம் தரப்படுகிறது. இந்த இடைக்காலமே 'தத்துக்கு முந்தைய வளர்ப்புப் பராமரிப்பு' எனப்படுகிறது. சட்டத்தின் கண்ணில் அத்தம்பதி இன்னும் பெற்றோர் ஆகவில்லை. குழந்தையின் கண்ணில் அவர்களைத் தவிர வேறு பெற்றோர் இல்லை. தகராறு முளைப்பது இந்த இடைவெளியில்தான்.

சட்டத்தின் கால அளவும் குழந்தையின் கால அளவும் ஒன்றல்ல என்பதைச் சட்டப் பேராசிரியர் ஜோசப் கோல்ட்ஸ்டீன், உளப்பகுப்பாய்வாளர் அன்னா பிராய்டு, குழந்தை மருத்துவரும் உளமருத்துவருமான ஆல்பர்ட் சால்னிட் ஆகிய மூவரும் 1973இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்தினர். நாள்தோறும் ஊட்டி, தேற்றி, உறங்க வைப்பவரே குழந்தைக்கு 'உளவழிப் பெற்றோர்' ஆகிறார் என்பதும், அந்தப் பிணைப்பு அறுபடும்போது குழந்தை படும் இழப்பை இரத்த உறவு தானாக ஈடுசெய்வதில்லை என்பதும் அவர்கள் வாதம். ஜான் பௌல்பியின் பற்றுறவுக் கோட்பாடும், குறிப்பிட்ட ஒருவர் மீதான பற்று பெரும்பாலும் முதல் ஆண்டின் பிற்பாதியில் உறுதிப்படுவதாகக் கூறுகிறது. இக்கருத்துகள் பல நாடுகளில் குழந்தையின் காவலுரிமை வழக்குகளில் செல்வாக்குப் பெற்றுவிட்டன. அதே வேளையில் இவற்றுள் ஓர் ஆபத்தும் உண்டு. பிணைப்பு நாள்பட வளர்வது என்றால், குழந்தையை எவர் நெடுநாள் வைத்திருந்தாரோ அவர் பக்கமே தராசு தாழும். அந்த நெடுநாள் முறைகேட்டால் வாய்த்ததா, நேர்மையால் வாய்த்ததா என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடும்.

கேரளத்தில் 2020க்கும் 2021க்கும் இடையில் நடந்த ஒரு வழக்கு இதை அருகிருந்து காட்டுகிறது. நாடறிந்த அவ்வழக்கில் தொடர்புடைய குடும்பத்தினரின் பெயர்கள் இங்கே தவிர்க்கப்படுகின்றன. குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடுக்கும் 74ஆம் பிரிவு, செய்தி பழையதாகிவிட்டது என்பதற்காகத் தளர்ந்துவிடுவதில்லை. திருமணமாகாத இளம்பெண் ஒருவர் 2020 அக்டோபரில் பெற்ற ஆண் குழந்தை, பிறந்த சில நாட்களிலேயே அவருடைய பெற்றோரால் கொண்டுசெல்லப்பட்டு, திருவனந்தபுரத்தில் மாநிலக் குழந்தைகள் நல மன்றம் நடத்தும் அம்மத்தொட்டில் என்ற குழந்தை ஏற்பு மையத்தின் பராமரிப்புக்குப் போய்ச் சேர்ந்தது. தாய் சம்மதித்துக் கையெழுத்திட்டார் என்பது குடும்பத்தார் கூற்று. தம் குழந்தை தம் அறிவுக்கும் விருப்பத்துக்கும் மாறாகப் பிரிக்கப்பட்டது என்பது தாயின் கூற்று. ஆண் குழந்தை முதலில் பெண் என்று பதிவானதாகவும் அப்போதைய செய்திகள் கூறின. ஒரு பதிவேட்டின் ஒரு கட்டத்தில் நேரும் இத்தகைய பிழை, தேடிவரும் தாயை வேறு குழந்தையிடம் அனுப்பப் போதுமானது.

2021 ஏப்ரலில் தாய் காவல் துறையை அணுகினார். முதல் தகவல் அறிக்கை பதிவானது அக்டோபரில். இடைப்பட்ட ஆகஸ்டில் குழந்தை ஆந்திரப் பிரதேசத் தம்பதி ஒருவரிடம் தத்துக்கு முந்தைய பராமரிப்பில் தரப்பட்டது. அக்டோபர் இறுதியில் திருவனந்தபுரம் குடும்ப நீதிமன்றம் தத்து நடவடிக்கையை நிறுத்தி வைத்தது. நவம்பரில் குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படி குழந்தை திரும்பக் கொண்டுவரப்பட்டு, ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையத்தின் மரபணுச் சோதனையில் தாய்மை உறுதியானபின், நவம்பர் 24 அன்று நீதிமன்றம் வாயிலாகத் தாயிடம் சேர்ந்தது. அப்போது குழந்தைக்கு வயது பதின்மூன்று மாதம். சோதனையும் ஒப்படைப்பும் சில நாட்களில் முடிந்துவிட்டன என்பதைக் கவனிக்க வேண்டும். சில நாட்களில் முடியக்கூடியது ஏப்ரலிலேயே தொடங்கப்பட்டிருந்தால், ஆந்திரத் தம்பதி அந்தக் குழந்தையைத் தூக்கியிருக்கவே மாட்டார்கள். அவர்களுடைய இழப்பும் நேர்ந்திருக்காது.

கட்சி அரசியல் இங்கே இரண்டு முறை புகுந்தது. தாயின் தந்தை அப்போதைய ஆளுங்கட்சியின் உள்ளூர்த் தலைவர். தாயும் அதே கட்சியின் மாணவர் அமைப்பில் இருந்தவர். குழந்தைகள் நல மன்றத்துக்கு மாநில முதலமைச்சரே பதவி வழித் தலைவர். அதன் அன்றைய பொதுச் செயலாளரும் அதே ஆளுங்கட்சி சார்ந்தவர். முறையீடு, காவல் நிலையத்துக்கு மட்டுமன்றிக் கட்சியின் படிகளிலும் ஏறி இறங்கியது. ஒரு தாய் தன் குழந்தையைக் கேட்டு அரசு அலுவலகத்தை அணுகும்போது அது குடிமகளின் மனு. கட்சி அலுவலகத்தை அணுகும்போது அதுவே குடும்ப விவகாரமாகவும் கட்சியின் மானப் பிரச்சினையாகவும் உருமாறிவிடுகிறது. பிறகு ஊடகங்கள் விழித்துக்கொண்டதும் எதிர்க்கட்சிகள் சட்டமன்றத்தில் விவகாரத்தை எழுப்பின; துறை இயக்குநரின் விசாரணைக்கு அரசு ஆணையிட்டது; ஆறு மாதம் நகராத கோப்பு ஆறு வாரத்தில் நகர்ந்தது. இரண்டாவது நுழைவால் தாய்க்கு நன்மை விளைந்தது உண்மையே. ஆயினும், கூச்சல் எழுந்தால்தான் கோப்பு நகரும் என்ற பாடத்தை அது விட்டுச் சென்றது; கூச்சலிட ஆளில்லாத தாய்மாரின் கோப்புகள் எங்கே கிடக்கின்றன என்ற கேள்வியையும் விட்டுச் சென்றது.

அரசியல், வளர்த்தவர்களின் பக்கம் நின்ற எதிர்மாறான சான்று அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்திலிருந்து கிடைக்கிறது. 'ரிச்சர்ட் குழந்தை' என்ற புனைபெயரால் அறியப்படும் அவ்வழக்கில், 1991இல் பிறந்த குழந்தையைத் தாய் தத்து கொடுத்துவிட்டார். குழந்தை இறந்துவிட்டதாகத் தந்தையிடம் சொல்லப்பட்டது. ஏறத்தாழ எட்டு வாரங்களில் உண்மையறிந்த தந்தை வழக்காடினார். கீழ் நீதிமன்றங்கள் வளர்த்தவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தன. 1994 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம், தந்தையின் சம்மதமின்றி நடந்த தத்து செல்லாது என்று கூறிற்று. சிகாகோ நாளிதழ் ஒன்றின் பத்தி எழுத்தாளர் அத்தீர்ப்பைத் தொடர்ந்து சாடினார். அது தேர்தல் ஆண்டு; மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் மாநில ஆளுநர் ஜிம் எட்கர், மீண்டும் களத்தில் இருந்தவர், தீர்ப்பை வெளிப்படையாகக் கண்டித்தார். தத்து செல்லாதென முடிவானாலும் குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்பதற்குத் தனி விசாரணை நடக்க வேண்டும் என்ற சட்டத் திருத்தம் சில வாரங்களில் நிறைவேறி அவர் கையொப்பமும் பெற்றது. அந்தத் திருத்தம் இவ்வழக்குக்குப் பொருந்தாது என்று நீதிமன்றம் கூறிவிட, 1995 ஏப்ரல் இறுதியில், நான்கு வயதான சிறுவன் ஒளிப்படக் கருவிகளின் முன்னால் கைமாறினான்.

தீர்ப்பை எழுதிய நீதிபதி ஜேம்ஸ் ஹைப்பிளும் ஆளுநரும் ஒரே குடியரசுக் கட்சி சார்ந்தவர்கள் என்பது இதில் கவனிக்கத்தக்கது. இரத்த உறவா வளர்ப்புறவா என்பதில் எந்தக் கட்சிக்கும் நிலையான கொள்கை இல்லை. எந்தப் பக்கம் மக்களின் இரக்கம் குவிகிறதோ அந்தப் பக்கம் சாய்வதே வழக்கம். அந்த இரக்கம் பொய்யானதன்று. ஆனால் பொது இரக்கத்துக்கு ஒரு கதைத்தலைவனும் ஒரு வில்லனும் தேவைப்படுகிறார்கள். இவ்வகை வழக்குகளில் வில்லன் பெரும்பாலும் ஆள் அல்ல, நடைமுறை. இல்லினாயில் பொய் சொல்லப்பட்ட எட்டு வாரத்தைவிட, மேல்முறையீடுகளில் கழிந்த மூன்றாண்டே சிறுவனின் வேரை ஆழப்படுத்தியது. அந்த மூன்றாண்டைப் பற்றிச் சட்டமன்றத்தில் எழுந்த குரல் தீர்ப்பைப் பற்றி எழுந்ததைவிடத் தணிந்தே ஒலித்தது.

இந்தியச் சட்டத்தில் அண்மையில் நேர்ந்த இரு மாற்றங்கள் இக்கவலையைக் கூர்மையாக்குகின்றன. முதலாவது, 2021ஆம் ஆண்டின் திருத்தம் 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, தத்து ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் நீதிமன்றத்திடமிருந்து மாவட்ட ஆட்சியருக்கு மாறியிருக்கிறது. நீதிமன்றங்களில் வழக்குகள் தேங்கின என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அக்காரணத்தில் நியாயமும் உண்டு. எனினும், கேரள வழக்கில் தத்து நடவடிக்கையைத் தடுத்து நிறுத்தியது மாநில நிர்வாகத்துக்கு வெளியே நின்ற குடும்ப நீதிமன்றம் என்பதை மறக்கலாகாது. நலக் குழுவை நியமிப்பது மாநில அரசு, பாதுகாப்பு அலகு மாநில அரசினுடையது, தத்து ஆணை தருபவரும் அதே நிர்வாகத்தின் அலுவலர் என்றாகும்போது, ஆளுங்கட்சிப் பிரமுகரின் குடும்பம் சம்பந்தப்பட்ட கோப்பில் 'நிறுத்து' என்று சொல்ல வேண்டியவர் யார் என்பது கவனமாக விடை காண வேண்டிய வினா. இரண்டாவது, தத்து நோக்கமின்றித் தற்காலிகமாகக் குழந்தையைக் குடும்பத்தில் வளர்க்கும் வளர்ப்புப் பராமரிப்புக்கான மாதிரி வழிகாட்டுதல்கள் 2024இல் திருத்தப்பட்டு, வளர்த்தவர் அக்குழந்தையைத் தத்தெடுக்கக் காத்திருக்க வேண்டிய காலம் ஐந்தாண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைக்கப்பட்டுள்ளது. நிறுவனங்களில் முடங்கும் குழந்தைகளுக்கு இது நற்செய்தி. ஆனால் பெற்றோரைத் தேடி மீட்டுச் சேர்க்கும் முயற்சிக்குக் கிடைக்கும் காலமும் அதே அளவு சுருங்கியிருக்கிறது. 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கிய தமிழ்நாட்டில், தொட்டிலில் இடப்பட்ட குழந்தைக்குப் பின்னால் ஒரு தாய் இருக்கிறாள் என்பதையும், இட்ட கை அவளுடையதாகவே இருக்க வேண்டியதில்லை என்பதையும் களப்பணியாளர்கள் நன்கறிவர்.

எனவே, துறையினரின் கவனம் இறுதித் தீர்ப்பைவிட முதல் அறுபது நாட்களில் குவிய வேண்டும். ஒப்படைப்புப் பத்திரம் குழுவின் முன் எழுதப்பட வேண்டியது; முத்திரைத் தாளில் எழுதி நோட்டரி சான்றிட்டு உறவினர் கொண்டுவரும் காகிதம் அதற்கு மாற்றாகாது. தாய் வயது வந்தவராகவும் உயிரோடும் இருக்கையில், அவரைத் தனியாக, உறவினர் இல்லாத அறையில், அவர் மொழியில் கேட்டறிந்ததற்கான குறிப்பு கோப்பில் இல்லையெனில், அந்தக் குழந்தையைத் தத்துக்குத் தடையற்றதாக அறிவிக்கலாகாது. திருமணமாகாத தாயின் பாதுகாவலர் உரிமையை உச்ச நீதிமன்றம் 2015இல் தெளிவாக உறுதிப்படுத்தியிருக்க, அவருடைய திருமண நிலையையோ சாதியையோ காரணம் காட்டித் தாத்தா பாட்டியின் சொல்லைத் தாயின் சொல்லாக ஏற்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை.

உரிமை கோரி எவரேனும் வந்தால், அவர் கூற்று மெய்யா பொய்யா என்று ஆராய்வதற்கு முன்பே, வந்த நாளைப் பதிந்து, ஒப்புகை தந்து, அன்றே தத்து நிறுவனத்துக்கும் காராவுக்கும் ஆட்சியருக்கும் எழுத்தில் தெரிவித்து, தத்து நடவடிக்கையை நிறுத்தி வைப்பது முதற்கடமை. மரபணுச் சோதனையைக் கடைசிப் படியாக வைக்கும் வழக்கமும் மாற வேண்டும். தாய்மை ஐயமாக உள்ள வழக்கில் அது முதற்படி. குழு உறுப்பினர் எவருக்கேனும் சம்பந்தப்பட்ட குடும்பத்துடனோ கட்சியுடனோ தொடர்பிருந்தால், அதைக் கூட்டக் குறிப்பில் எழுதி அவர் விலக வேண்டும். தொலைபேசியில் வரும் பரிந்துரையையும் அழைத்தவர் பெயருடன் கோப்பில் ஏற்றும் பழக்கம் ஒன்றே பல அழைப்புகளை நிறுத்திவிடும்.

குழந்தை திரும்பச் செல்ல வேண்டும் என்று முடிவானபின்னும் பணி தீர்வதில்லை. வளர்த்தவர்கள் எதிர்த்தரப்பினர் அல்லர். அரசு கொடுத்ததை நம்பி ஏற்றவர்கள். குழந்தையின் உறக்க நேரம், உணவு, மருந்து, அழைத்தால் திரும்பும் பெயர் ஆகியவற்றை அவர்களிடமிருந்து கேட்டறிந்து தாயிடம் சேர்ப்பதும், கைமாற்றத்தைப் படிப்படியாக நிகழ்த்துவதும், அவர்களுக்கு உளவள ஆலோசனை தருவதும், மீண்டும் தத்தெடுக்க விரும்பினால் வரிசையில் முன்பிருந்த இடத்தை இழக்காமல் காப்பதும் அரசின் கடன். சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் இதில் பெரும்பணி உண்டு. ஒரு குழந்தை யாருக்கு என்று அவையில் வாதிடுவதைவிட, ஒரு மாவட்டத்தில் உரிமை கோரிய மனுக்கள் எத்தனை நாளில் முடிந்தன என்று ஆண்டுதோறும் கேட்பது பயன் தரும்.

நலக் குழுக்களில் கட்சி சார்ந்தவர்கள் இனி இடம்பெறவே மாட்டார்கள் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. நியமிப்பது அரசு, அரசை நடத்துவது கட்சி. ஆனால் நியமிக்கப்பட்டவர் எவராயினும் அவர் கையெழுத்திடும் கோப்பில் நாளும் நேரமும் காரணமும் குறிக்கப்பட்டிருந்தால், ஏப்ரலில் வந்த மனு அக்டோபர்வரை ஏன் கிடந்தது என்ற கேள்விக்கு யாராவது ஒருவர் பெயர் சொல்லிப் பதில் தர வேண்டியிருக்கும். அந்தப் பொறுப்பை எந்தச் சட்டத் திருத்தத்துக்கும் காத்திராமல் நாளைய அமர்விலிருந்தே ஏற்றுக்கொள்ளக் குழுக்களால் முடியும்.