முதல் ஆல்பம் சுமாரா இருந்தா என்ன?

1995-ல் நெதர்லாந்துக்காரர் ஆர்யென் லூக்காசன் 'ஏரியான்' என்ற பெயரில் ஒரு ராக் ஓபரா போட்டார்: 'தி ஃபைனல் எக்ஸ்பெரிமென்ட்'. 2084-ல் அழிவின் விளிம்பில் நிற்கும் விஞ்ஞானிகள், ஆறாம் நூற்றாண்டில் ஆர்தர் காலத்துக் கண் தெரியாத பாணனுக்கு எச்சரிக்கை அனுப்புகிறார்கள். கதை செம! ஆனா அந்தப் பாணனுக்கே பல பேர் மாறி மாறிப் பாடுறதால யார் யாருன்னு குழம்பிடுது. சில இடத்துல இழுவையும் கூட.

1998-ல் வந்த 'இன்டு தி எலெக்ட்ரிக் காசில்'ல பெரும்பாலும் ஒரு பாத்திரத்துக்கு ஒரு குரல், குழப்பம் போச்சு. முதல் ஆல்பத்தை வெளியிடாம வச்சிருந்தா, இது எங்கிருந்து வந்திருக்கும்?

ஹார்ட் டிஸ்க்ல தூங்குற உங்க டெமோவை, குறும்படத்தை இந்த செமஸ்டரே வெளியே விடுங்க மக்களே. சுமாரா இருக்கட்டும், பரவாயில்ல.