விரலுக்கு ஓய்வு தராத மவுஸ்!

முழங்கை வலி என்று சென்ற மாதம் ஒரு பெண்மணி வந்தார். வயது நாற்பதுக்குள். வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதிக் கொடுப்பவர். "கனமா எதையும் தூக்கறதில்லை டாக்டர். துணிகூட மெஷின்தான் துவைக்குது. பின்ன ஏன் வலிக்குது?" என்றார். கூட வந்த மாமியார், "எல்லாம் வாயுதான்" என்று எனக்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டார்!

"கம்ப்யூட்டர்ல வேலை செய்யும்போது கையை எப்படி வச்சிருப்பீங்க? இந்த மேஜை மேல வச்சுக் காட்டுங்கம்மா" என்றேன். வைத்தார். உள்ளங்கை படிந்திருந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும் அரை அங்குலம் அந்தரத்தில் நின்றன.

"ஏன் விரலைத் தூக்கி வச்சிருக்கீங்க?"

"கீழே வச்சா பக்கம் ஓடிடுது டாக்டர்!"

விஷயம் புரிந்துவிட்டது. மகன் புதிதாக வாங்கிக் கொடுத்த மவுஸில் சக்கரம் கிடையாதாம். மேல்பகுதி வழவழவென்று இருக்குமாம். விரலால் வருடினால் திரையில் பக்கம் நகரும். தெரியாமல் பட்டாலும் நகரும். அதற்குப் பயந்தே தினமும் ஆறேழு மணி நேரம் விரலைத் தூக்கிப் பிடித்திருக்கிறார், பாவம்.

நீங்களும் இப்போதே ஒரு பரீட்சை செய்து பாருங்களேன். வலது உள்ளங்கையை மேஜை மேல் கவிழ்த்து வையுங்கள். வலது முழங்கையின் வெளிப்புற எலும்புக்குச் சற்றுக் கீழே உள்ள சதையை இடது கையால் தொட்டுக்கொள்ளுங்கள். இப்போது நடுவிரலை மட்டும் லேசாகத் தூக்குங்கள். சதை இறுகுகிறதா? விரலைத் தூக்கும் தசை முழங்கையில்தான் தொடங்குகிறது. அதன் நாண்தான் மணிக்கட்டைத் தாண்டி விரலுக்கு வருகிறது. விரல் அந்தரத்தில் நிற்கிற வரை முழங்கைக்கும் ஓய்வில்லை.

அப்படியானால் பழைய சக்கர மவுஸ்தான் உத்தமமா என்று கேட்பீர்கள். முழுக்க அப்படியும் இல்லீங்க. 1996-ல் மைக்ரோசாஃப்ட்டின் இன்டெல்லிமவுஸ் வந்த பிறகு சக்கரம் எங்கும் பரவியது. அதில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. விரலை அதன் மேல் நிம்மதியாகப் போட்டு வைக்கலாம். உருட்டினால்தான் உருளும். ஆனால் நீளமான கணக்கு ஒன்றைக் கடைசிவரை பார்க்க வேண்டுமென்றால், ஒரே விரலை எத்தனை தடவை மடக்கி நீட்ட வேண்டியிருக்கிறது! சாயங்காலத்துக்குள் அந்த விரல் கெஞ்ச ஆரம்பித்துவிடும்.

இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் என்ன? இது புது யோசனை இல்லை. 1999-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் நடந்த ஒரு மாநாட்டில் கென் ஹிங்க்லி, மைக் சின்க்ளேர் என்ற இரண்டு மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் இப்படி ஒரு மவுஸை விவரித்தார்கள். நடுவில் வழக்கமான சக்கரம். அதன் முன்னும் பின்னும் தொடுகையை உணரும் பகுதி. நாலு வரி நகர வேண்டுமா, சக்கரத்தை உருட்டலாம். ஒரு பக்கமே தாண்ட வேண்டுமா, லேசாக ஒரு தட்டு போதும். அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. கை மவுஸின் மேல் இருக்கிறதா இல்லையா என்பதையும் அது உணரும். கையை எடுத்தால் திரையில் உள்ள கருவிப்பட்டை மெல்ல மங்கி மறையும். அதாவது, கை சும்மா இருப்பதை அது தெரிந்துகொள்கிறது. கட்டளையாக எடுத்துக்கொள்வதில்லை!

சித்த மருத்துவக் கல்லூரியில் நாடி பார்க்கக் கற்றுக்கொண்டபோது எங்கள் ஆசிரியர் கையைத் தட்டித் தட்டித் திருத்துவார். "தொடறது வேற, அழுத்தறது வேற. முதல்ல விரலை சும்மா வைக்கக் கத்துக்கோ" என்பார். ஆள்காட்டி விரலில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிர விரலில் கபம். மூன்றையும் மணிக்கட்டில் வைத்து, மாற்றி மாற்றி அழுத்தியும் தளர்த்தியும் பார்க்க வேண்டும். சும்மா வைத்த விரலுக்கும் அழுத்திய விரலுக்கும் வித்தியாசம் தெரியாதவன் நாடி பார்க்க முடியாது. மவுஸ் செய்கிறவர்களுக்கும் இந்தப் பாடம் தேவை என்றே நான் நினைக்கிறேன்.

ஏனென்றால் பிறகு கடைக்கு வந்த சில மவுஸ்களைப் பாருங்கள். 2005-ல் ஆப்பிள் நிறுவனம் 'மைட்டி மவுஸ்' கொண்டு வந்தது. மேலே கடுகைவிடச் சற்றுப் பெரிய உருண்டை, ஓட்டுக்கு அடியில் தொடு உணர்வு. நல்ல சேர்க்கைதான். ஆனால் வலது பக்கச் சொடுக்குக்கு ஆள்காட்டி விரலைத் தூக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. மறுபடியும் அந்தரம்! உருண்டைக்குள் அழுக்குச் சேர்ந்தால் சுத்தம் செய்வதும் கஷ்டம். 2009-ல் வந்த 'மேஜிக் மவுஸ்' உருண்டையையும் எடுத்துவிட்டது. முழுக்க முழுக்க வருடல்தான். 2010-ல் மைக்ரோசாஃப்ட்டின் 'ஆர்க் டச்' மவுஸ் சக்கரம் இருந்த இடத்தில் ஒரு தொடு பட்டையை வைத்தது. வேடிக்கை என்னவென்றால், வருடும்போது சக்கரத்தின் பல் தட்டுவது போலவே அதிர்வு கொடுத்தார்கள். சக்கரத்தை எடுத்த கையே அதன் ஞாபகத்தைத் திருப்பி வைத்தது!

2013-ல் அதே நிறுவனத்தின் 'ஸ்கல்ப்ட் கம்ஃபர்ட்' மவுஸில் சக்கரம் சக்கரமாகவே இருந்தது. பெருவிரல் பக்கம் ஒரு நீலத் தொடு பட்டை, திறந்திருக்கும் வேலைகளுக்கிடையே மாறுவதற்கு. வேலை இரண்டு விரல்களுக்குப் பங்கு போடப்பட்டது. நான் ஓட்டுப் போடுவது இந்த மாதிரிச் சேர்க்கைக்குத்தான். சக்கரமும் இருக்கட்டும், தொடுகையும் இருக்கட்டும். ஆனால் விரலைச் சும்மா வைத்தால் எதுவும் அசையக் கூடாது.

"பழகினால் சரியாயிடும் டாக்டர்" என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். பழகுவது மூளைதானே தவிர, தசை இல்லை தம்பி. சில மவுஸ்களில் தொடு உணர்வைக் குறைக்கவோ நிறுத்தவோ கம்ப்யூட்டரிலேயே வழி இருக்கும். புதிது வாங்கும் முன் அதையும் தேடிப் பாருங்கள்.

கடைக்குப் போனால் விலையைக் கேட்பதற்கு முன்னால் மவுஸின் மேல் கையைத் தளர்த்திப் போட்டு, தூங்குகிற கை மாதிரி ஒரு நிமிஷம் வைத்திருங்கள். பக்கம் ஓடினால் கடைக்காரரிடம் வேறொன்று எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். விரல் தானாக மேலே எழும்புகிறதா என்று கூட வந்தவரைப் பார்க்கச் சொல்லுங்கள். நமக்கே தெரியாது!

ஏற்கெனவே வலி இருப்பவர்கள் அரைமணிக்கு ஒரு தடவை கையை மடியில் போட்டு விரல்களைத் தளர்த்துங்கள். இரவில் வெதுவெதுப்பான நல்லெண்ணெயை முழங்கையிலிருந்து விரல் நுனி வரை மெதுவாக நீவி, வெந்நீரில் கழுவினால் இதமாக இருக்கும். அழுத்திப் பிசைய வேண்டாம். ஆனால் பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போவது, இரவில் அந்த மரமரப்பால் தூக்கம் கலைவது, கையில் பிடித்த டம்ளர் நழுவுவது... இவை இருந்தால் எண்ணெயை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறதா என்று டாக்டரிடம் காட்டிப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்.

அந்தப் பெண்மணி போன வாரம் மறுபடி வந்தார். பரணில் கிடந்த பழைய சக்கர மவுஸை எடுத்து மாட்டிக்கொண்டாராம். வலி பாதியாகக் குறைந்திருக்கிறது. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும்போது மட்டும் எட்டிப் பார்க்கிறதாம். "அந்தப் புது மவுஸை என்ன செய்தீங்க?" என்று கேட்டேன். மகன் எடுத்துக்கொண்டானாம். "அவனையும் ஒரு தடவை கூட்டிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.