பூட்டிய வீட்டின் ஓவியம்

பாலைவனம் என்றவுடன் மணலும் வெயிலுமே நம் நினைவுக்கு வருகின்றன. வண்ணத்திற்கு அங்கே இடம் ஏது என்று நானும் எண்ணியிருந்தேன். சென்ற குளிர்கால விடுமுறையில் நம் சங்கத்து நண்பர் இருவருடன் தில்லியிலிருந்து பேருந்து ஏறி ஷேகாவாட்டிக்குச் சென்று வந்தேன். அந்த எண்ணம் மாறியது. அதனோடு வேறோர் எண்ணமும் மாறியது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

ஷேகாவாட்டி, இராஜஸ்தானத்தின் வடகிழக்கில், தார்ப் பாலையின் விளிம்பில் உள்ள பகுதி. நவல்கர், மண்டாவா, ஃபதேபூர் என்று எந்த ஊருக்குள் நுழைந்தாலும் தெருவே ஓவியமாக நிற்கிறது. ஹவேலி எனப்படும் பெரிய வீடுகளின் வெளிச்சுவர், வாயில், முற்றம் எங்கும் படங்கள். கண்ணனும் இராதையும் ஒருபுறம். யானையும் ஒட்டகமும் மறுபுறம். இடையே புகைவண்டி, மோட்டார் கார், கிராமபோன்! சுற்றுலாப் பயணிகள் இப்பகுதியைத் ‘திறந்தவெளி ஓவியக்கூடம்’ என்று புகழ்கின்றனர். அந்தப் பெயர் எனக்கு உடன்பாடன்று. இவை கூடங்கள் அல்ல, வீடுகள். அதை மறந்ததனால் வந்த கேடுதான் இன்று அச்சுவர்களில் தெரிகிறது.

இவ்வீடுகள் எழுந்த கதையைக் கேளுங்கள். குஜராத்துத் துறைமுகங்களுக்கும் வடநாட்டுச் சந்தைகளுக்கும் இடையே ஒட்டகங்கள் சரக்குச் சுமந்த நாளில் இவ்வூர்கள் செழித்தன. ஆங்கிலேயர் ஆட்சியில் வணிகம் கல்கத்தா, பம்பாய்த் துறைமுகங்களுக்கும், பின்னர் இருப்புப்பாதைக்கும் மாறியது. மார்வாரி வணிகர்கள் அதைப் பின்தொடர்ந்து சென்றனர். குடும்பம் ஊரில், தொழில் கல்கத்தாவில். ஈட்டிய பொருளை ஊருக்கு அனுப்பி வீடு கட்டினர். 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் எழுந்தவையே மிகுதி. பிறகு குடும்பமும் நகரம் போயிற்று. வீட்டுக்குப் பூட்டு வந்தது.

வேதியியல் மாணவன் ஆகையால் என் கண் படத்தைவிடச் சுவரிலேயே நின்றது. வெளிச்சுவர் ஓவியங்கள் பெரும்பாலும் ஈரச் சுண்ணச் சாந்தின்மேல் தீட்டப்பட்டவை. சாந்து உலரும்போது, அதிலுள்ள சுண்ணம் காற்றிலிருக்கும் கரியமில வாயுவை ஏற்றுச் சுண்ணாம்புக் கல்லாக மாறுகிறது. வண்ணம் அக்கல்லுக்குள் சிறைப்படுகிறது. அதனால்தான் நூறாண்டு வெயிலைத் தாங்கி நிற்கிறது. காவி, விளக்குக் கரி, அவுரி நீலம் ஆகியவை பழைய வண்ணங்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியிலிருந்து செயற்கை வண்ணங்கள் வந்தன. பளிச்சிடும் நீலமும் சிவப்பும் கண்டால் அச்சுவர் பிற்காலத்தது என்று ஓரளவு கூறிவிடலாம்.

இத்துணை உறுதியான சுவர் ஏன் உதிர்கிறது? வெயில் அதைக் கொல்லவில்லை, ஈரம் கொல்கிறது. கூரையின் ஒழுக்கை அடைப்பார் இல்லை. அடித்தளத்தில் ஏறும் ஈரம் உப்பைக் கொண்டுவந்து சாந்தைப் பெயர்க்கிறது. எவரோ அவசரத்துக்குப் பூசிய சிமெண்டு அந்த ஈரத்தை வெளியேற விடாமல் அடைத்துவிடுகிறது. குடியிருப்பவர் இருந்தால் முதல் மழையிலேயே கண்டிருப்பார். ஓவியக்கூடத்தைப் பார்ப்பவர் பார்த்துவிட்டுப் போய்விடுவார்; வீட்டில் இருப்பவர்தாம் ஓட்டை மாற்றுவார்.

ஒரு ஹவேலியில் காவல்காரப் பெரியவர் கதவைத் திறந்துவிட்டார். கண்ணனின் முகத்தில் ஆணி அடித்து மின்கம்பி ஓடியது. யானையின் வயிற்றில் யாரோ தம் பெயரைக் கீறியிருந்தார். “வீட்டுக்காரர் எப்போது வருவார்?” என்று கேட்டேன். “கல்யாணம் என்றால் குலதெய்வத்தைக் கும்பிட வருவார்கள். அன்றே திரும்பிவிடுவார்கள்” என்றார். நான் முகம் சுளித்ததைக் கண்டாரோ என்னவோ, “தம்பி, உங்கள் ஊர் வீட்டில் யார் இருக்கிறார்கள்?” என்று கேட்டார்.

எனக்கு விடை வரவில்லை.

காரைக்குடிக்கு அருகே எங்கள் பாட்டனார் வீடு இருக்கிறது. அரண்மனையன்று, இரண்டு கட்டு ஓட்டு வீடு. பாட்டி மறைந்தபின் ஐந்து ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. அதை விற்றுவிடலாமா என்று அப்பா கேட்டபோது, “யார் போகப் போகிறோம்? விற்றுவிடுங்கள்” என்று யோசிக்காமல் சொன்னவன் நான். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சென்று பொருள் ஈட்டியவர்கள் கட்டிய வீடுகள் எங்கள் பக்கத்திலும் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றின் தேக்குத் தூண்களும் கதவுகளும் பழம்பொருள் கடைகளில் விலை போகின்றன. இதைக் கண்டு வளர்ந்த நான் மார்வாரிகளைக் குறை கூற என்ன உரிமை உடையேன்?

பூட்டிய வீடுகளை எல்லாம் காப்பாற்றுவது நடக்கிற காரியமா என்று நண்பர்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒரு வீட்டுக்கு முப்பது பங்காளிகள். ஒருவர் செலவிட, மற்றவர் கையொப்பம் இடமாட்டார். பிழைப்பைத் தேடிச் சென்றவனைத் திரும்பி வா என்று சொல்லவும் எனக்கு வாய் இல்லை. நானே தில்லியில் இருந்துதான் எழுதுகிறேன். ஆனால் பூட்டுவதற்கும் கைவிடுவதற்கும் இடையே வழியே இல்லையா? நவல்கரில் 1902இல் கட்டிய போதார் ஹவேலி இன்று அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறது. ஃபதேபூரில் 1802இல் எழுந்த ஒரு ஹவேலியை நதீன் லெ பிரின்ஸ் என்ற பிரெஞ்சு ஓவியர் 1998இல் வாங்கிப் புதுப்பித்தார். கடல் கடந்து வந்தவருக்கு இருந்த அக்கறை, கட்டியவர் பேரனுக்கு இருக்கக் கூடாதா?

அரசு செய்யட்டும் என்பது எளிது. அரசு வருவதற்குமுன் நாம் செய்யக்கூடியது சிறிதே: ஆண்டுக்கு ஒருமுறை கதவைத் திறப்பது, மழைக்கு முன் ஓடு மாற்றுவது, சிமெண்டை விலக்கிச் சுண்ணம் தெரிந்த கொத்தனாரை அழைப்பது, குடியிருக்க ஆள் கிடைத்தால் வாடகை பாராமல் வைப்பது. முடியாதெனில், வீட்டை மதிப்பவருக்கே விற்பது. தூணைப் பெயர்த்து விற்பதைவிட அது மேலன்றோ?

ஊர் திரும்பியதும் அப்பாவிடம் பேசினேன். விற்பதா இல்லையா என்பதைப் பெரியப்பாவும் மற்றவர்களும் கூடித்தான் முடிவு செய்வார்கள். அதில் என் சொல் ஏறுமோ, ஏறாதோ, அறியேன். வரும் கோடை விடுமுறையில் சாவியை என்னிடம் தருமாறு மட்டும் கேட்டிருக்கிறேன். முதலில் கூரையைப் பார்க்க வேண்டும்.