குட்டி வாங்குறது சரி, அள்ளுறது யாரு?

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில, ஹாஸ்டல் மெஸ்ஸுல பூரிக்கு வரிசையில நின்னுட்டிருந்தேன். எங்க வீட்டு வாட்ஸ்அப் குரூப்புல ஒரு போட்டோ வந்துச்சு. ஓசூர்ல வேலை பார்க்குற அண்ணன் அனுப்புனது. 45 நாள் ஆன லாப்ரடார் குட்டி, யாரோ ரெண்டு கையால ஏந்திப் பிடிச்சிருக்காங்க, அது நேரா கேமராவைப் பார்க்குது. கீழே ஒரே வரி: "வாங்கலாமா? எல்லாரும் ஓட்டு போடுங்க."

அண்ணிக்கு அப்போ அஞ்சாவது மாசம்.

அப்பா தம்ஸ்அப் போட்டார். பெரியம்மா, "புள்ளத்தாச்சி இருக்குற வூட்டுல நாய் முடி ஆகாது"ன்னு வாய்ஸ் மெசேஜ் அனுப்புனாங்க. சித்தப்பா தெருநாய் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னதைப் பத்தி ஒரு லிங்க் போட்டார். அம்மா எதுவும் போடல. அண்ணியும் எதுவும் போடல. கடைசியா அண்ணன் என்னை டேக் பண்ணி, "இன்ஜினியர் சார், நீ என்னடா சொல்ற?"ன்னு கேட்டான்.

'பிள்ளை பிறக்கப்போற வீட்டுல நாய்க்குட்டி வாங்கலாமா வேண்டாமா, இதைப் போய் காலேஜ் இதழ்ல எழுதணுமா?'ன்னு நீங்க நினைக்கலாம். ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நம்ம வீடுகள்ல நாய்க்குட்டி யாரால வருது? பெரும்பாலும் நம்மளாலதான். செமஸ்டர் லீவுக்குப் போறப்போ காலேஜ் பேக்குல வச்சுக் கொண்டுபோய் இறக்கிட்டு, திங்கட்கிழமை காலையில பஸ் ஏறிடுறோம். இன்னும் அஞ்சாறு வருஷம் போனா, அந்த போட்டோவை குரூப்புல போடப்போற அண்ணனும் நீங்கதான், பதில் போடாம இருக்கப்போற அண்ணியும் நீங்கதான்.

என் ஓட்டைச் சொல்றதுக்கு முன்னாடி, குரூப்புல வந்த பயங்களைப் பார்த்துடுவோம். பாதி தேவையில்லாத பயம். தேவையான பயம் ரெண்டு மூணு யாருக்குமே வரல.

முதல்ல பெரியம்மா சொன்ன நாய் முடி. நாய் முடியால வயித்துல இருக்குற குழந்தைக்கு ஆபத்துன்னு ஒண்ணும் கிடையாது. கர்ப்பிணிகளை டாக்டர்கள் எச்சரிக்கிற டாக்ஸோபிளாஸ்மா கிருமிக்குப் பூனைதான் வீடு, நாய் இல்ல. பூனை மலம், சரியா வேகாத கறி, கழுவாத காய்கறி, இதுங்க மூலமாத்தான் அது வரும். நாய்க்குட்டி விஷயத்துல கவனிக்க வேண்டியது குடல் உருண்டைப்புழு. தாய் வயித்துல இருக்குறப்பவே குட்டிக்கு இந்தப் புழு தொத்திடும், தாய்ப்பால் வழியாவும் வரும். அதனாலதான் ரெண்டு வார வயசுலேர்ந்தே குட்டிக்குப் பூச்சி மருந்து குடுக்கச் சொல்றாங்க. இதுல நமக்குச் சாதகமான ஒரு விஷயம் இருக்கு. அந்தப் புழு முட்டை மலத்தோட வெளிய வந்த உடனே தொத்தாது. மண்ணுல கிடந்து முதிர ரெண்டு மூணு வாரம் ஆகும். ஆக, அன்னன்னைக்கு அள்ளிப் போட்டுட்டா பெரும்பகுதி பிரச்சனை அங்கேயே முடிஞ்சுது. அள்ளாம விட்டா, ஆறு மாசம் கழிச்சு அதே வாசல் மண்ணுல தவழ்ந்து, கையை வாயில வைக்கப்போறது அந்தக் குழந்தைதான்.

'அள்ளிட்டா'ங்கிற வார்த்தையை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வர்றேன்.

சித்தப்பாவோட லிங்க். 2025 ஆகஸ்ட் 11-ல டெல்லி சுத்துவட்டாரத் தெருநாய்களைப் பிடிச்சு காப்பகத்துல அடைக்கச் சொல்லி உத்தரவு வந்துச்சு. 22-ஆம் தேதி மூணு நீதிபதிகள் அமர்வு அதை மாத்தி, கருத்தடை பண்ணி, ஊசி போட்டு, பிடிச்ச இடத்துலயே விடச் சொன்னது. ரேபிஸ் அறிகுறி இருக்குறதும் ரொம்ப ஆக்ரோஷமானதும் மட்டும் விதிவிலக்கு. அது தெருநாய் பஞ்சாயத்து. வீட்டுக் குட்டிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு சித்தப்பாகிட்ட கேட்டா, "பொதுவா சொன்னேன்"ம்பார்.

ஆனா ரேபிஸ் பயம் தேவையான பயம். 2024-ல மட்டும் தமிழ்நாட்டுல சுமார் 4.8 லட்சம் பேரை நாய் கடிச்சிருக்கு, 43 பேர் ரேபிஸ்ல இறந்திருக்காங்க. குட்டிக்கு ரேபிஸ் ஊசி மூணு மாச வயசுலதான் போடுவாங்க. அதுக்கு முன்னாடி அது தெருவுல வேற நாய்கிட்ட கடி வாங்கியிருந்தா, அதுக்கும் நோய் வரலாம், அதுகிட்டேர்ந்து நமக்கும் வரலாம். "சின்னக் குட்டிதானே, பல்லுதான் பட்டுச்சு"ன்னு விடுறதுதான் பெரிய தப்பு. சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு, அன்னைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகணும். கடிபட்ட அன்னைக்கு ஒண்ணு, அப்புறம் 3, 7, 28-வது நாள்னு ஊசி. கர்ப்பமா இருக்குறவங்களும் போட்டுக்கலாம். போட்டுக்கலாம் என்ன, கட்டாயம் போட்டுக்கணும். "வயித்துல புள்ள இருக்கு, ஊசி வேணாம்"னு வீட்டுல யாராவது சொன்னா, அந்த ஒரு விஷயத்துல மட்டும் பெரியவங்க பேச்சைக் கேக்காதீங்க.

இன்னொரு பக்கம், அண்ணனும் சும்மா இல்ல. கூகுள் பண்ணி ரெண்டு ஆராய்ச்சியைத் தூக்கிட்டு வந்துட்டான். 2012-ல வந்த பின்லாந்து ஆய்வு: 397 குழந்தைகளை முதல் வருஷம் முழுக்கக் கவனிச்சதுல, நாய் இருக்குற வீட்டுக் குழந்தைகளுக்குச் சளியும் காதுவலியும் குறைவா வந்திருக்கு. 2015 சுவீடன் ஆய்வு இன்னும் பெருசு, ஆறு லட்சத்துக்கும் மேல குழந்தைகளோட பதிவுகள். முதல் வயசுல நாயோட வளர்ந்தவங்களுக்குப் பள்ளிக்கூட வயசுல ஆஸ்துமா வாய்ப்பு சுமார் 13 சதவீதம் குறைவு. ரெண்டும் உண்மையான ஆய்வு, அண்ணன் பொய் சொல்லல. ஆனா லேப்ல வந்த ரீடிங்கை அப்படியே ஃபீல்டுக்குக் கொண்டுபோனா என்ன ஆகும்னு நமக்குத் தெரியும்ல? ரெண்டுமே நாய் ரேபிஸ் இல்லாத நாடு. அங்க நாய்க்குட்டி ஊசி அட்டையோடதான் வீட்டுக்குள்ள வருது. பாலக்கோடு பக்கத்து கிராமத்துக்கு அந்த 13 சதவீதம் பொருந்தணும்னா, அந்த ஊசி அட்டையும் சேர்ந்து வரணும்.

இப்போ என் கதை. ரெண்டாவது செமஸ்டர் முடிச்ச லீவுல, காரிமங்கலம் பக்கம் ஒரு ஃப்ரெண்டோட தோட்டத்துலேர்ந்து ஒரு நாட்டுக்குட்டி தூக்கிட்டு வந்தேன். டவுன் பஸ்ஸுல, பேக்குக்குள்ள, தலை மட்டும் வெளிய. ஜிம்மின்னு பேரு. அம்மா முதல்ல திட்டுனாங்க, மறுநாள் களி உருண்டையை மோர்ல கரைச்சு வச்சாங்க. லீவு முடிஞ்சு நான் ஹாஸ்டலுக்கு வந்துட்டேன். ஊசி போடணும்னு எனக்குத் தெரியும். அடுத்த சனிக்கிழமை நான் வந்து கூட்டிட்டுப் போவேன்னு அம்மா நினைச்சாங்க. அப்பா கூட்டிட்டுப் போவார்னு நான் நினைச்சேன். அப்பாவுக்கு அப்படி ஒரு ஊசி இருக்குறதே தெரியாது. இன்டெர்னல்ஸ் வந்துச்சு, மூணு வாரம் ஊருக்குப் போகல.

பார்வோ வைரஸ். முதல்ல வாந்தி, அப்புறம் ரத்தமா போச்சு. அம்மா தக்காளிக் கூடையில துணி விரிச்சு, அதைத் தூக்கிக்கிட்டு மாட்டாஸ்பத்திரிக்கு ரெண்டு நாள் நடந்தாங்க. டிரிப் ஏத்துனாங்க. மூணாவது நாள் கூடை தேவைப்படல. நான் போய்ச் சேர்றதுக்குள்ள மாமரத்தடியில புதைச்சாச்சு. அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லல. ராத்திரி சோறு போடுறப்போ, "கை எத்தனை தடவை கழுவுனாலும் அந்த வாடை போகல கண்ணு"ன்னு மட்டும் சொன்னாங்க.

அதுலேர்ந்து நாய்க்குட்டி போட்டோ பார்த்தா எனக்கு முதல்ல வர்ற கேள்வி 'எவ்ளோ அழகு' இல்ல. 'இதுக்கு யாரு பொறுப்பு?'

அண்ணன் வீட்டு விஷயத்துக்கு வருவோம். கையில ஒரு காலண்டர் எடுத்துக்கோங்க. குட்டிக்கு இப்போ ஒன்றரை மாசம். இந்த வயசுல ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மூத்திரம் போகும், ராத்திரியும் எழுப்பும். 16 வார வயசு வரைக்கும் மூணு நாலு வாரத்துக்கு ஒரு ஊசி. நாலு மாசத்துல பால்பல் விழ ஆரம்பிக்கும், செருப்பு, சார்ஜர் ஒயர், சேலை முந்தானை எல்லாத்தையும் கடிக்கும். ஏழாவது மாசமோ ஒன்பதாவது மாசமோ வளைகாப்பு. அது முடிஞ்சு அண்ணி அரூர்ல அவங்க தாய் வீட்டுக்குப் போயிடுவாங்க. வீட்டுல அண்ணன் மட்டும், அதுவும் ஷிஃப்ட் வேலை. காலையில ஆறு மணிக்குக் கம்பெனி பஸ். குட்டி என்ன பண்ணும்? கட்டிக் கிடக்கும், கத்தும், ஹவுஸ் ஓனர் போன் பண்ணுவார். அடுத்த வாரமே அது எங்க அம்மா வீட்டு வாசல்ல இறங்கும். இது ஜோசியம் இல்ல, போன தடவை நடந்ததை வச்சு சொல்றேன்.

பிள்ளை பிறந்து மூணு மாசம் கழிச்சு அண்ணி திரும்பி வர்றப்போ, நாய்க்கு ஏறக்குறைய ஒன்பது மாசம். லாப்ரடார்ல அது முழுசா வளர்ந்த உடம்பு, வளராத மூளை. பாசத்துல மேல தாவுற வயசு. அந்த நாய்க்கு அண்ணியைச் சரியா அடையாளம் கூடத் தெரியாது. பச்சை உடம்புக்காரி ஒரு கையில குழந்தை, இன்னொரு கையால நாயைத் தள்ளிக்கிட்டு நிப்பாங்க. நைட் ஷிஃப்ட் முடிச்ச அண்ணன் தூங்கிட்டு இருப்பான். அப்போ நாய் ஹால்ல போய் வச்சா, அள்ளுறது யாரு?

குரூப்புல நாலு பேர் பேசுனோம். முடி, கோர்ட், பின்லாந்து, சுவீடன் எல்லாம் வந்துச்சு. இந்தக் கேள்வியை ஒருத்தரும் கேக்கல. ஏன்னா பதில் எல்லாருக்கும் தெரியும். நம்ம வீட்டுல, யாரு செய்யணும்னு பேசாம விட்ட வேலை எல்லாம் தானா பொம்பளைங்க கைக்குத்தான் போகும். ஓட்டுப் போடாம இருந்த ரெண்டு பேரும் யாருன்னு பார்த்தீங்களா? அம்மா, அண்ணி. வேலை செய்யப்போறவங்க ரெண்டு பேருமே வாயைத் திறக்கல.

அதனால என் கருத்து இதுதான். வயித்துல பிள்ளையைச் சுமக்குறவங்க, "எனக்கு வேணும்"னு அவங்க வாயால கேட்டாத் தவிர, பிரசவத்துக்கு முன்னாடி குட்டி வேண்டாம். அவங்க கேட்டாலும், அள்ளுறது, ஊசிக்குக் கூட்டிட்டுப் போறது, ராத்திரி எழுந்திருக்குறது, மூணுக்கும் வேற ஒருத்தர் பேரு முன்கூட்டியே முடிவாகணும். குழந்தை நடக்க ஆரம்பிக்கட்டும், அப்புறம் வாங்கலாம். நாய் எங்கயும் ஓடிப்போயிடாது. லாப்ரடாரே வேணும்னும் இல்ல. ராஜபாளையம் நாய்க்கு 2005-ல தபால்தலையே போட்டாங்க. ஆனா அது ஒருத்தர்கிட்ட மட்டும் ஒட்டிக்கிற வேட்டை நாய், கைக்குழந்தை வீட்டுல முதல் தடவை நாய் வளர்க்கிறவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். தெருவுல பிறந்த நாட்டுக்குட்டிக்கு என்ன குறைச்சல்? அது நம்ம வெயிலுக்கும் களிக்கும் பழகுன உடம்பு.

இதையே தலைகீழா புரிஞ்சுக்காதீங்க. வீட்டுல ஏற்கனவே நாய் இருக்கு, இப்போ பிள்ளை வரப்போகுதுன்னா, நாயைத் துரத்தணும்னு நான் சொல்லல. எங்க ஆயா வீட்டுல மணின்னு பதினோரு வயசு கிழட்டு நாய் இருக்கு. அதைச் சாக்குல கட்டி தொப்பூர் பக்கம் விட்டுட்டு வந்துடலாம்னு ஒரு மாமா யோசனை சொன்னார். பிள்ளை வருதுன்னு இன்னொரு உயிரை ரோட்டுல விடுற வீட்டுல, அந்தப் பிள்ளை என்ன கத்துக்கும்? ஊசியும் பூச்சி மருந்தும் போட்ட, பழகுன நாயோட குழந்தையை வளர்க்க முடியும். குழந்தை வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடியே நாயோட படுக்கையைத் திண்ணைக்கு மாத்திடுங்க, குழந்தையாலதான் வெளிய தள்ளுனாங்கன்னு அதுக்குத் தோணாது. ஆஸ்பத்திரியிலேர்ந்து குழந்தையைச் சுத்துன துணியை முதல்ல கொண்டுவந்து மோந்து பார்க்க விடுங்க. எவ்வளவு சாதுவான நாயா இருந்தாலும், குழந்தையையும் நாயையும் தனியா விட்டுட்டு யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது. மணி இன்னும் ஆயா வீட்டுலதான் இருக்கு. மாமாதான் கொஞ்ச நாளா அந்தப் பக்கம் வர்றதில்ல.

இதெல்லாம் சுருக்கி குரூப்புல போட்டேன். நீளமா இருக்குன்னு சித்தப்பா படிக்கல. "பெரிய மனுஷன் ஆயிட்டான்"னு அண்ணன் சிரிக்கிற ஸ்மைலி போட்டான். ஒரு மணி நேரம் கழிச்சு அண்ணி முதல் தடவையா டைப் பண்ணாங்க:

"குட்டி ரொம்ப அழகா இருக்கு. பாப்பா நடந்ததுக்கு அப்புறம் இதே போட்டோவை அனுப்புங்க. காலையில அஞ்சு மணிக்கு யாரு எழுந்து வெளிய கூட்டிட்டுப் போவாங்கன்னு பேரும் சேர்த்துப் போடுங்க, அப்போ ஓட்டு போடுறேன்."

அதுக்குக் கீழ அம்மா ஒரு தம்ஸ்அப் போட்டிருந்தாங்க. அண்ணன் படிச்சுட்டான், நீல டிக் விழுந்து மூணு வாரம் ஆச்சு.